முதல்முறை அகமதாபாத் போகிறவர்களுக்கு: துணியின் வழியே ஊர் பார்ப்பது

தமிழ்நாட்டிலிருந்து அகமதாபாத் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வட்வாவில் மெஷின் பார்க்க, நரோடாவில் துணி ஆர்டர் பேச, சானந்தில் கார் ஆலைக்காரர்களைச் சந்திக்க என்று வேலையாகப் போகிறவர்கள் ஒரு வகை. கிடைத்த அரை நாளில் காந்தி ஆசிரமத்தை எட்டிப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். சுற்றுலாவாகப் போகிறவர்கள் இன்னொரு வகை. மசூதி, படிக்கிணறு, ஆசிரமம் என்று பட்டியல் போட்டுச் சுற்றுவார்கள். ஊரின் கிழக்குப் பக்கம் நிற்கும் ஆலைப் புகைபோக்கிகளைப் பார்த்தால், அங்கே நமக்கென்ன வேலை என்று வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டு பேருக்கும் பாதி ஊர்தான் கண்ணில் படுகிறது. அகமதாபாத்தில் பழைய ஊர் வேறு, தொழில் ஊர் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாது. கோட்டைக்குள் மர வீடு கட்டி வாழ்ந்த வணிகர்கள் துணியிலும் பட்டிலும் அவுரியிலும் வட்டித் தொழிலிலும் சம்பாதித்தவர்கள். அந்தக் குடும்பங்கள் பலவற்றிலிருந்துதான் பிற்பாடு ஆலை முதலாளிகள் வந்தார்கள். ஆசிரமம் பணமில்லாமல் தவித்த ஒரு நாளில் கைகொடுத்தவர் ஓர் ஆலை முதலாளி. உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே இந்த ஊரில் கட்டடம் கட்டியதும் ஆலைக்காரர்கள் பணத்தில்தான். ஆகவே துணி போன வழியிலேயே நாமும் போவோம்: முதலில் கோட்டை, அப்புறம் ஆலை, அதன் பிறகு ஆசிரமம். மூன்று நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். இரண்டு நாள்தான் என்றால் எதை விடலாம் என்று ஆங்காங்கே சொல்கிறேன்.

டிக்கெட் போடும் முன் ஒரு வேலை

ஷாஹிபாக் பகுதியில் காலிகோ துணி அருங்காட்சியகம் இருக்கிறது. 1949இல் கௌதம் சாராபாயும் அவர் தங்கை கீராவும் தொடங்கியது. இந்தியத் துணிகளுக்கு இதைவிட நல்ல சேகரிப்பு நாட்டில் வேறு எங்கும் இல்லை என்பது என் எண்ணம். சிக்கல் என்னவென்றால், நினைத்தவுடன் போய் நுழைய முடியாது. முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுவார்கள். புதன்கிழமை விடுமுறை. போனும் பையும் உள்ளே கொண்டுபோக முடியாது. சின்னக் குழந்தைகளுக்கும் அனுமதி இல்லை. வழிகாட்டி எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே நிற்க வேண்டும். கெடுபிடி கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நூற்றாண்டுகள் பழைய சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்பதை யோசித்தால் கோபம் வராது.

அதனால் முதலில் இங்கே இடம் கிடைக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதை வைத்து ரயிலோ விமானமோ போடுங்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, வாசலில் நின்று கெஞ்சிப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

எந்த மாதம்

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. காலையில் லேசான ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர், பகலில் நடக்கக்கூடிய வெயில். ஏப்ரல் முதல் ஜூன் வரை 42, 43 டிகிரி சாதாரணம். கோட்டைக்குள் நடப்பதுதான் இந்தப் பயணத்தின் உயிர் என்பதால், அந்த மாதங்களில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வேலையாகப் போய்த்தான் தீர வேண்டும் என்றால் காலை ஆறரைக்கு நடையைத் தொடங்கி ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

நம்மூர்ப் பொங்கல் சமயம் அங்கே உத்தராயண். ஜனவரி 14, 15 இரண்டு நாளும் ஊரே மொட்டை மாடியில் பட்டம் விடும். பழைய ஊரின் மாடிகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்குக்கூட விடுவார்கள். பார்க்க வேண்டிய கூத்துதான். ஆனால் அறை வாடகை ஏறிவிடும், கடைகள் பலவும் பூட்டியிருக்கும், சாலையில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் தொங்கும். அந்த மாதத்தில் ஸ்கூட்டர்களின் முன்னால் கைப்பிடியிலிருந்து வளைவாக ஒரு கம்பி கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். கழுத்தை நூல் அறுக்காமல் இருக்கத்தான். அந்த நாட்களில் இருசக்கர வண்டியில் ஏறாதீர்கள்.

போய்ச் சேருவது, தங்குவது

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ரயில் என்றால் நவஜீவன் எக்ஸ்பிரஸ், ஏறத்தாழ ஒன்றரை நாள். விஜயவாடா, வாரங்கல், வார்தா, பூசாவல், சூரத் என்று போகும். பருத்தி விளையும் கரிசல் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற பாதை அது. நேரம் இருப்பவர்கள் ஒரு வழிக்காவது இதில் போய்ப் பார்க்கலாம்.

முக்கிய ரயில் நிலையத்தை ஊர்க்காரர்கள் காலுப்பூர் ஸ்டேஷன் என்பார்கள். அங்கே புதுப்பிப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைச் சபர்மதி போன்ற பக்கத்து நிலையங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். உங்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். திரும்பும் நாளில் இது முக்கியம்.

தங்குவதற்கு மூன்று பக்கம் உண்டு. ஆற்றுக்கு மேற்கே ஆசிரம சாலை, நவரங்கபுரா, சி.ஜி. ரோடு பக்கம் சாதாரண ஹோட்டல்கள் நிறைய. வசதி, அமைதி இரண்டும் கிடைக்கும். பழைய ஊரிலேயே தங்க நினைத்தால், பழுதுபார்த்து விடுதியாக்கிய ஹவேலி எனப்படும் பழைய பெரிய வீடுகள் சில இருக்கின்றன. அறை சின்னது, படி செங்குத்து, ஆனால் விடியற்காலையில் ஊர் எழுவதைப் படுத்தபடியே கேட்கலாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் இது வேண்டாம். மூன்றாவது, காலுப்பூர் நிலையத்தைச் சுற்றி இருக்கும் மலிவு லாட்ஜுகள். ஒரு இரவுக்குப் பரவாயில்லை, அதற்கு மேல் சத்தம் தாங்காது.

இன்னொரு விஷயம். தெற்கே மணிநகர் பக்கம் பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மூன்றாவது நாள் இட்லிக்கு ஏங்கினால் எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துகொண்டீர்கள்.

ஊருக்குள் சுற்ற மெட்ரோவைக் கற்றுக்கொள்ளுங்கள். கிழக்கு மேற்காக ஒரு பாதை, தெற்கு வடக்காக ஒரு பாதை, இரண்டும் பழைய ஹைகோர்ட் நிலையத்தில் சந்திக்கும். கிழக்கு மேற்குப் பாதை கோட்டைப் பகுதிக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. காலுப்பூர், கீகாண்டா ஆகிய இரண்டு நிலையங்கள்தான் உங்களுக்கு அதிகம் வேலைக்கு ஆகும். மற்ற இடங்களுக்கு ஆட்டோ. மீட்டர் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் செயலியில் கூப்பிடுங்கள். கோட்டைக்குள் மட்டும் காலே கதி.

முதல் நாள் காலை: போள்களுக்குள்

1411இல் சுல்தான் அகமது ஷா சபர்மதியின் கிழக்குக் கரையில் நிறுவிய ஊர் இது. 2017இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம். இந்தச் சிறப்புக்குக் கோட்டையும் மசூதியும் மட்டும் காரணமில்லை, போள் எனப்படும் தெருக்கூட்டங்களும் சேர்ந்துதான் காரணம்.

மாநகராட்சியே நடத்தும் பாரம்பரிய நடை ஒன்று 1997 முதல் நடக்கிறது. காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும். இரண்டு, இரண்டரை மணி நேரம். முதல்முறை போகிறவர்கள் இதில் சேர்ந்துவிடுவதே நல்லது. தனியாகப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே வழி தவறும். வழி தவறுவது பிரச்சினை இல்லை, எது பொதுச் சந்து, எது ஒருவர் வீட்டு முற்றம் என்று தெரியாமல் உள்ளே போய் நிற்பதுதான் சங்கடம்.

போள் என்பது ஒற்றை வாசல் வைத்த ஒரு குடியிருப்பு. ஒரே சாதியோ ஒரே தொழிலோ செய்த குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த இடம். வாசலில் கதவு, கதவுக்கு மேல் காவலாளி தங்க ஓர் அறை. இரவில் கதவை அடைத்துவிட்டால் வெளியாள் உள்ளே வர முடியாது. உள்ளே போனால் தெரு இரண்டாகப் பிரியும், மூன்றாகப் பிரியும், முட்டுச்சந்தில் முடியும். வீட்டு முகப்பில் நம் ஊர்த் திண்ணை போலவே ஓட்லோ. தூண், உத்தரம், சன்னல் எல்லாம் செதுக்கிய மரம். நடுவே முற்றம், முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேமிக்கும் டாங்கா என்ற நிலத்தடித் தொட்டி. மாடியில் விழும் மழை செம்புக் குழாய் வழியாக இறங்கி அந்தத் தொட்டிக்குப் போகும். வருடம் முழுக்கக் குடிநீர் அதுதான். ஏதாவது வீட்டில் திறந்து காட்டச் சம்மதித்தால் கட்டாயம் பாருங்கள்.

சதுக்கங்களில் சபூத்ரோவைப் பார்த்து நில்லுங்கள். தெரு நடுவே ஒரு தூண், அதன் உச்சியில் குடை விரித்தது போல எட்டுப் பட்டை மாடம், மாடத்தின் விளிம்பில் சிற்ப வேலை. பறவைகளுக்குத் தானியம் போடக் கட்டியது. விடிந்ததும் யாராவது ஒருவர் வந்து தானியம் கொட்டுவார். புறாவும் கிளியும் அணிலும் அடித்துக்கொள்ளும். மனிதர்கள் இத்தனை நெருக்கமாக வாழ்ந்த இடத்திலும் பறவைக்கு என்று ஒரு மாளிகை எழுப்பியிருக்கிறார்கள். சமண மரபின் செல்வாக்கு இந்த ஊரில் எவ்வளவு ஆழம் என்று இதைப் பார்த்தாலே புரியும்.

ஒரு வேண்டுகோள். போள்கள் இன்றும் மக்கள் வாழும் இடம். திண்ணையில் உட்கார்ந்து அரிசி பொறுக்கும் அம்மாவைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஆண்களைப் 'பாய்' (அண்ணன்) என்றும் பெண்களைப் 'பேன்' (அக்கா) என்றும் அழைத்துப் பேசினால் முகம் மலரும். இந்தி தெரிந்தால் போதும், காரியம் நடக்கும்.

நடை முடியும் ஜும்மா மசூதி 1424இல் கட்டி முடிந்தது. உள்ளே 260 தூண்கள். தூண் வேலைப்பாட்டைப் பார்த்தால் கோயில் மண்டபத்தில் நிற்பது போலத் தோன்றும்; உள்ளூர்ச் சிற்பிகள் தங்களுக்குத் தெரிந்த கைவேலையைத்தான் இங்கேயும் செய்தார்கள். இரண்டு உயரமான மினார்கள் 1819 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன, அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. வெள்ளி நண்பகலில் போகாதீர்கள், தொழுகை நேரம்.

அங்கிருந்து மூன்று வளைவு வாசலான தீன் தர்வாசா பக்கம்தான். அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஊரை விட்டுப் போக லட்சுமி கிளம்பியபோது, காவலர் ஒருவர், 'ராஜாவைக் கேட்டு வருகிறேன், அதுவரை போகக்கூடாது' என்று வாக்கு வாங்கிக்கொண்டு போய், திரும்பியே வராமல் தலையைத் துறந்தாராம். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு லட்சுமி இன்னும் காத்திருக்கிறாளாம். அவளுக்காக வாசலில் ஒரு விளக்கு எரிகிறது, அதை ஒரு முஸ்லிம் குடும்பம் தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறது. கதையை நம்பாவிட்டாலும் விளக்கைப் பார்க்கலாம்.

சிறிது மேற்கே சிதி சையத் மசூதி. 1573 வாக்கில், குஜராத் சுல்தானகத்தின் கடைசிக் காலத்தில், ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த சிதி சையத் கட்டியது. கல்லில் மரமும் கொடியும் பின்னிய, ஜாலி எனப்படும் அதன் துளைவேலைச் சன்னலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் சின்னத்துக்கும் இதுவே மூலம். மாலை வெயில் பின்னாலிருந்து வரும்போது உள்பக்கம் நின்று பார்ப்பது அழகு. அதனால் இதை மட்டும் காலைப் பட்டியலிலிருந்து எடுத்து மாலைக்கு வையுங்கள்.

எதிரிலேயே இருக்கும் பழைய மாளிகை 1924இல் மங்கள்தாஸ் கிரிதர்தாஸ் என்ற ஆலை முதலாளி கட்டிய வீடு. இன்று ஹோட்டல். மொட்டை மாடியில் குஜராத்தித் தாலி சாப்பாடு உண்டு, விலை அதிகம். சாப்பிடாவிட்டாலும் முற்றத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

மானெக் சௌக்: ஒரே சதுக்கம், மூன்று கடைத்தெரு

ஜும்மா மசூதிக்குப் பின்பக்கம் இருக்கும் இந்தச் சதுக்கத்தை ஒரே நாளில் மூன்று முறை பாருங்கள். காலையில் மாடுகளுக்குப் புல் விற்பார்கள். புண்ணியத்துக்கு ஒரு கட்டு வாங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். பத்து மணிக்கு மேல் தங்கம், வெள்ளி வியாபாரம். 1894இல் தொடங்கிய அகமதாபாத் பங்குச்சந்தையின் பழைய கட்டடமும் இங்கேதான் இருக்கிறது. இரவு நகைக்கடைகள் அடைத்ததும் அதே இடத்தில் அடுப்புகள் வந்துவிடும். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் குறையாது. பாவ் பாஜி, குல்ஃபி, சாக்லேட் சாண்ட்விச் எல்லாம் இருக்கும். 'கோட்டாலா தோசை' என்று ஒன்று கேட்பீர்கள். வெண்ணெயும் சீஸும் காய்கறியும் தோசைக்கல்லிலேயே போட்டுப் பிசைந்து கொடுப்பது. நம் ஊர் நாக்குக்கு அது தோசை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டால் ரசிக்கலாம்.

அகமது ஷாவின் சமாதியும், ராணி நோ ஹஜீரோ என்ற அரசியர் சமாதியும் சதுக்கத்தின் இருபுறமும் இருக்கின்றன. அரசியர் சமாதியைச் சுற்றி கர்பா ஆட்டத்துக்கான சணியா சோளி (பாவாடை, ரவிக்கை) கடைகள் நெருக்கியடிக்கின்றன.

இரண்டாம் நாள்: ஆலைகளின் ஊர்

வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடும் பகுதி இது. எனக்கு இதுதான் ஊரின் நடுமையம்.

1861இல் ரண்சோட்லால் சோட்டாலால் இங்கே முதல் பஞ்சாலையை ஓட்டினார். அப்போது ரயில்கூட இந்த ஊருக்கு வந்து சேரவில்லை. பம்பாயைப் போல் துறைமுகம் இல்லை, நிலக்கரி பக்கத்தில் இல்லை, வெள்ளைக்கார முதலீடும் பெரிதாக இல்லை. இருந்தது உள்ளூர்ப் பணமும், பருத்தியும், துணி வியாபாரத்தில் பழுத்த அனுபவமும். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஆலைகள் வரிசையாக எழும்பி, இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிவிட்டது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய கோவைக்காரர்கள் இந்த ஊரில் சீக்கிரம் ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆலை வட்டாரம் கோட்டைக்குக் கிழக்கே சரஸ்பூர், கோம்திபூர், ராக்கியால் பக்கம். காலுப்பூரில் மெட்ரோ ஏறி வஸ்த்ரால் பக்கம் போகும் வண்டியில் உட்காருங்கள். அப்பரல் பார்க் பக்கம் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி மேம்பாலத்தில் ஓடும். சன்னல் வழியாக ஆங்காங்கே செங்கல் புகைபோக்கி, தகரக் கூரை, நீண்ட மதில், அதற்குப் பக்கத்திலேயே புது அடுக்குமாடி எல்லாம் தெரியும். 1980களிலும் 90களிலும் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. விசைத்தறியின் மலிவு விலைத் துணியோடு போட்டி போட முடியவில்லை, பழைய இயந்திரத்தை மாற்ற முதலாளிகள் பணம் போடவில்லை. வேலை போனவர்கள் ஆட்டோ ஓட்டவும் தெருவில் கடை போடவும் போனார்கள். உங்கள் ஆட்டோக்காரர் கொஞ்சம் வயதானவர் என்றால், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அவரோ அவர் அப்பாவோ ஏதாவது ஓர் ஆலையின் பெயரைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

தொழிலாளர்கள் வாழ்ந்த சாலி வரிசை வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே கேமராவோடு சுற்றுவது முறையல்ல; தெரிந்தவர் யாராவது அழைத்துப்போனால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். மூடிய ஆலைகளுக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்.

எல்லாமே அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். 1931இல் லால்பாய் குடும்பம் தொடங்கிய அர்விந்த், 1980களின் பிற்பகுதியில் டெனிமுக்கு மாறித் தப்பித்து, உலக அளவில் பெரிய டெனிம் உற்பத்தியாளர்களில் ஒன்றானது. ரிலையன்ஸின் முதல் துணி ஆலை 1966இல் நரோடாவில்தான் தொடங்கியது, விமல் துணி அங்கே நெய்ததுதான். நம் வீட்டுத் துணிகளை வெளுத்த நிர்மாவும் இந்த ஊர்ச் சரக்கு. கர்சன்பாய் படேல் 1969இல் சைக்கிளில் வைத்து விற்றுத் தொடங்கியது.

திரும்பி மேற்கே வாருங்கள். ஆசிரம சாலையில், ஆற்றை ஒட்டி, ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடம். லெ கொர்பூசியே வடிவமைத்து 1954இல் முடிந்தது. சாலைப் பக்கம் மேற்கு வெயிலைத் தடுக்கக் கான்கிரீட் பலகைகளைச் சாய்வாக நிறுத்தியிருப்பார். ஆற்றுப் பக்கம் அதே பலகைகள் நேராக நிற்கும், காற்று உள்ளே வரட்டும் என்று. வாசலில் படி கிடையாது. நீண்ட சரிவுப் பாதை ஒன்று உங்களை நேரே முதல் மாடிக்குக் கொண்டுபோகும். வேலை நாளில் போய் வாசலில் மரியாதையாகக் கேளுங்கள். கட்டடக்கலை மாணவர்கள் அடிக்கடி வருவதால் கேள்வி அவர்களுக்குப் புதிதல்ல. உள்ளே மேல்தளக் கூட்ட அரங்கின் வளைந்த சுவரைப் பார்க்காமல் வராதீர்கள். ஆலைக்காரர்கள் எப்படி உட்கார்ந்து ஊர் விவகாரம் பேசியிருப்பார்கள் என்று கற்பனை செய்ய அங்கே வசதி.

இதே பணம்தான் 1947இல் துணி ஆய்வுக்கான அதிரா நிறுவனத்துக்கும், 1961இல் ஐ.ஐ.எம்.முக்கும் பின்னணியில் நின்றது. இரண்டிலும் வரும் விக்ரம் சாராபாய், ஆலை முதலாளி அம்பாலாலின் மகன். விண்வெளிக்காரராக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்.

இரண்டு நாள் மட்டுமே இருப்பவர்கள் மெட்ரோ சவாரியையும் இந்தக் கட்டடத்தையும் அரை நாளில் முடித்து, மதியம் ஆசிரமம் போய்விடலாம்.

ஆசிரமத்துக்கு ஆலை வழியாகப் போவது

காந்தி 1915இல் முதலில் கோச்ரப் பகுதியில் ஆசிரமம் வைத்தார். ஒரு தலித் குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டதும் உதவி நின்றுபோனது. அந்த நேரத்தில் ஒரு சேட் காரில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அம்பாலால் சாராபாய்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1918க்கு வாருங்கள். பிளேக் காலத்தில் தொழிலாளர்களைத் தக்கவைக்கக் கொடுத்த போனஸை ஆலைகள் நிறுத்தின. தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் 20க்கு மேல் தர மறுத்தார்கள். தொழிலாளர்கள் பக்கம் நின்றவர் அனசூயா சாராபாய், எதிர்ப்பக்கம் நின்ற அம்பாலாலின் உடன்பிறந்த அக்கா. காந்தி சபர்மதிக் கரையில் ஒரு மரத்தடியில் தினமும் கூட்டம் போட்டார். தொழிலாளர்கள் தளர்ந்தபோது உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் நடுவர் தீர்ப்புக்கு இரு தரப்பும் இணங்கின. அதன் தொடர்ச்சியாக 1920இல் மஜூர் மகாஜன் என்ற தொழிற்சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தின் பெண்கள் பிரிவிலிருந்து 1972இல் இலா பட் உருவாக்கியதுதான் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம்.

இந்தக் கதை தெரிந்து போனால் சபர்மதி ஆசிரமத்தில் ராட்டை வெறும் காட்சிப்பொருளாகத் தெரியாது. ஆலைகள் நிறைந்த ஊரின் ஓரத்தில் உட்கார்ந்து ஒருவர் கையால் நூல் நூற்றார். அதற்கு உதவியவர்களில் ஆலை முதலாளிகளும் இருந்தார்கள். இந்த முரண் எங்கும் எழுதி மாட்டப்படவில்லை, நாமாகத்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

1917 முதல் 1930 வரை காந்தி இங்கே இருந்தார். மார்ச் 12, 1930 அன்று தண்டிக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். அவர் வாழ்ந்த ஹிருதய குஞ்ச், சார்லஸ் கொரியா வடிவமைத்து 1963இல் திறந்த அருங்காட்சியகம் இரண்டும் முக்கியம். கட்டணம் இல்லை. வளாகத்தைச் சுற்றிப் பெரிய விரிவாக்க வேலை நடக்கிறது, நுழைவு வழி மாறியிருக்கலாம். காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் போனால் பள்ளிப் பேருந்துகள் வருவதற்கு முன் பார்த்துவிடலாம்.

ஆற்றங்கரை நடைபாதைக்கு மாலையில் போகலாம். நிறைந்து ஓடும் அந்தத் தண்ணீர் நர்மதைக் கால்வாயிலிருந்து விடுவது என்பதை நினைவில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லிஸ் பாலம் அருகே குஜரி பஜாரில் பழைய சாமான் சந்தை கூடும். பித்தளைப் பாத்திரம், பழைய கருவிகள், மரக்கட்டில் என்று எல்லாம் கிடக்கும். பேரம் பேசத் தெரிந்தவர்கள் போகலாம்.

மூன்றாம் நாள்: காலிகோவும் வெளிப்புறமும்

காலையில் காலிகோ. பதன் ஊரின் படோலா பட்டுத் துணியை அருகில் பார்க்கும்போது கவனியுங்கள்: பாவு நூலையும் ஊடு நூலையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமேற்றி, தறியில் புள்ளிக்குப் புள்ளி பொருத்துகிறார்கள். அதனால் முன்பக்கம், பின்பக்கம் என்ற வித்தியாசமே இல்லை. 'மாதா நீ பசேடி' என்ற அம்மன் துணி ஓவியத்தைப் பார்த்தால் நம் கலம்காரி நினைவுக்கு வரும். கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத சமூகத்தார் தங்களுக்கென்று துணியிலேயே எழுப்பிக்கொண்ட கோயில் அது. அந்தக் கலைஞர்களின் குடும்பங்கள் இன்றும் இந்த ஊரில் வரைகின்றன.

மதியத்துக்கு மேல் இரண்டில் ஒன்று. வடக்கே 18 கி.மீ. தூரத்தில் அடாலஜ் படிக்கிணறு, 1499இல் முடிந்தது. ஐந்து அடுக்கு இறங்கும். கீழே போகப் போக வெப்பம் குறைவது தோலில் தெரியும். தென்மேற்கே சர்கேஜ் ரோஜா, குளத்தைச் சுற்றி மசூதியும் சமாதிகளும் அரண்மனையும். கூட்டத்துக்கு அடாலஜ், அமைதிக்கு சர்கேஜ். என் ஓட்டு சர்கேஜுக்கு, அதற்குத் துணிக் காரணமும் ஒன்று உண்டு: 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போட்டி போட்டு வாங்கிய அவுரிச் சாயம் சர்கேஜ் பெயரில்தான் விலை போனது. நேரமே இல்லாதவர்கள் ஊருக்குள்ளேயே அசார்வாவில் இருக்கும் தாதா ஹரீர் படிக்கிணற்றைப் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் குறைந்ததில்லை.

துணி வாங்குவது

ஒன்றிரண்டு சேலை, சுடிதார் துணி என்றால் மானெக் சௌக் பக்கத்திலேயே ரத்தன்போள், தால்கர்வாட் கடைத்தெருக்கள். அச்சுத் துணி வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், சாயம் பின்னாலும் இறங்கியிருக்க வேண்டும். கட்டையால் கையில் அச்சடித்தது என்றால் ஓர் அச்சும் அடுத்த அச்சும் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் கட்டாயம் இருக்கும். எல்லாம் அளந்து வைத்தாற்போல் கச்சிதமாக இருந்தால் அது ஸ்கிரீனில் அச்சடித்தது. மோசமில்லை, ஆனால் அதற்குரிய விலை கொடுத்தால் போதும். லா கார்டன் இரவுக் கடைகளில் கண்ணாடி வேலைத் துணி கிடைக்கும். சொல்லும் விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.

மொத்த வியாபாரம் என்றால் மஸ்கதி மார்க்கெட், நியூ கிளாத் மார்க்கெட். சில்லறையாக ஒரு மீட்டர் கேட்டு நின்றால் மதிக்க மாட்டார்கள். 'தான்' எனப்படும் முழுத் துணிச் சுருள் கணக்கில்தான் பேச்சு. ஞாயிறு விடுமுறை. தமிழ்நாட்டுக்குச் சரக்கு அனுப்புவது அவர்களுக்குத் தினசரி வேலை, லாரி பார்சல் விவரம் அவர்களே சொல்வார்கள்.

சாப்பாடு, வேறு சில விஷயங்கள்

பருப்பில் வெல்லம் இருக்கும், காய்கறியிலும் இருக்கலாம். இரண்டு வேளை பழகினால் பிடித்துவிடும். காலையில் பாஃப்டா என்ற கடலைமாவுப் பொரியலும் ஜிலேபியும், கூடவே பப்பாளிக்காய்த் துருவலும். இடையில் கமன் என்ற கடலைமாவு ஆவிப் பண்டம், மதியம் தாலி, எப்போதும் சாஸ் எனப்படும் மோர். அசைவம் வேண்டுமென்றால் தீன் தர்வாசா அருகே பட்டியார் கலி. லால் தர்வாசா பக்கம் லக்கி டீக்கடையில் மேசைகளுக்கு நடுவே பழைய கல்லறைகள் இருக்கின்றன, பச்சைக் கம்பி போட்டுக் காத்து, பூ வைத்திருப்பார்கள். பயமில்லாமல் உட்கார்ந்து பன் மஸ்காவும் டீயும் சாப்பிடலாம்.

குஜராத் மதுவிலக்கு மாநிலம். வெளிமாநிலத்தவர் பெர்மிட் வாங்க வழி இருக்கிறது. அது இல்லாமல் பெட்டியில் பாட்டில் வைத்துக்கொண்டு ரயிலில் இறங்காதீர்கள்.

தொழிற்பேட்டை வேலையாகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வட்வா தெற்கிலும், நரோடா வடகிழக்கிலும், சானந்த் மேற்கே வெளியிலும் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டு பேட்டைக்குச் சந்திப்பு வைத்துக்கொண்டால் நாள் சாலையிலேயே போய்விடும். சந்திப்புகளை மதியம் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள். காலை ஏழு முதல் பத்து வரை போள்களுக்குள் நடக்க அந்த ஒரு மாற்றம் போதும், தனியாக விடுப்பு எடுக்க வேண்டாம்.

ரயிலில் திரும்புகிறவர்கள் கிளம்பும் முன் ஏதாவது ஃபர்சான் (காரப் பலகாரம்) கடையில் மேத்தி தேப்லா என்ற வெந்தயக்கீரை ரொட்டியும் சுந்தோ என்ற இனிப்பு மாங்காய் ஊறுகாயும் வாங்கிக்கொள்ளுங்கள். தேப்லா இரண்டு நாள் கெடாது, ஒன்றரை நாள் பயணத்துக்குத் தாராளம்.